மாட்டை விற்ற வீட்டில் மிச்சச் சோறு

1

என் மகள் நித்யா பட்டம் வாங்கியபோது எடுத்த போட்டோவை ஊருக்கு அனுப்பினேன். பட்டம் வாங்கியவளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற என்னைப் பற்றித்தான் போன் மேல் போன். "சுகர் வந்துடுச்சா?" என்றார்கள். "அங்க இன்னா பிரச்சனை, மறைக்காம சொல்லு" என்றார்கள். "உன் வூட்டுக்காரரு குடிக்கிறாரா?" என்றுகூடக் கேட்டார்கள். ஒரு சித்தி அழுதே விட்டாள். இன்னொருத்தி மட்டும் குரலைத் தாழ்த்தி, "இன்னா பவுடரு சாப்புட்ற? எனக்கும் ஒரு டப்பா அனுப்பேன்" என்றாள்.

பவுடர் இல்லை. வியாதியும் இல்லை. வயிறு குறைந்திருக்கிறது. ரத்தத்தில் இருந்த கொழுப்பும் குறைந்திருக்கிறது. நானாகக் குறைத்தேன். எப்படி என்று ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். நான் எழுதிப் பழகியவள் இல்லை. மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். சுற்றி வளைத்துப் பேச வராது. படிக்கிறவர்களில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் நிறைய வந்தது.

2

நாங்கள் இங்கே வந்தது தொண்ணூற்றைந்தில். என் வீட்டுக்காரர் ஏழுமலை வெல்டர். கல்பாக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை பார்த்தார், மஸ்கட் போனார், அங்கிருந்து இங்கே வழி கிடைத்தது. கட்டுக் கட்டாகக் காகிதம் கேட்டார்கள். மார்பை எக்ஸ்ரே எடுத்தார்கள். எங்களுக்கு எந்த நோயும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இந்த நாட்டுக்குள் விட்டார்கள். நோயை நாங்கள் இங்கே வந்து தயார் செய்துகொண்டோம்.

ஊரில் எண்ணெய்க்குக் கிண்ணம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள் நாங்கள். இங்கே கேன் கேனாக விற்றான். வெண்ணெயைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தான். கோழி, கீரையைவிட மலிவு. வேலைக்குக் கார், கடைக்குக் கார், கோயிலுக்குக் கார். குளிர் என்று சொல்லிப் பாதி வருஷம் வீட்டுக்குள். ஏழுமலை பேண்ட்டைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிப் போட ஆரம்பித்தார். "கல்யாணத்தப்போ இன்னா சைசோ அதே சைசுதான்மே" என்று பெருமை வேறு.

அவர் வேலை செய்யும் பட்டறையில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை வைத்தார்கள். கொலஸ்ட்ரால் ஏகத்துக்கு இருந்தது. டாக்டர் அவர் வயிற்றைச் சுற்றி டேப்பை வைத்து அளந்துவிட்டு, இப்படியே போனால் இதயத்துக்குப் போகும் குழாய் அடைக்கும் என்றார். ஏழுமலை உடனே டிவியில் பார்த்த ஒரு பெல்ட்டை வாங்கினார். இடுப்பில் கட்டி சுவிட்ச் போட்டால் அது வயிற்றை ஆட்டும். ஆட்டியது. வயிறும் ஆடியது. குறையவில்லை.

நான் சமையலைக் கையில் எடுத்தேன். எண்ணெயை ஊற்றுவதை நிறுத்தி ஸ்பூனால் அளந்தேன். தேங்காய், நெய், வெண்ணெய் அவர் தட்டில் கிடையாது. கோழியைத் தோலுரித்துக் குழம்பு. சோறு பாதி, காய் இரண்டு பங்கு. காலையில் ஓட்ஸ், சாயங்காலம் கொள்ளோ பயறோ வேகவைத்துச் சுண்டல். அவரைத் தினமும் நடக்கத் துரத்தினேன். ஒரு வருஷத்தில் ரத்தம் சரியானது, பேண்ட் தொப்புளுக்கு மேலே ஏறியது. டாக்டர் என்னிடம், "உங்கள் கணவர் கொடுத்து வைத்தவர்" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் மாதிரி, "நீங்களும் ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பாருங்களேன்" என்றார்.

கொடுத்தேன். அவருக்கு ஆரம்பத்தில் இருந்ததைவிட எனக்கு அதிகம்.

அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு என் அம்மா ஞாபகம்தான் வந்தது. என் பிறந்த ஊர் சதுரங்கப்பட்டினம். அப்பா அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். எண்பத்திரண்டில் ஒரு நாள் மத்தியானம், எல்லோருக்கும் சோறு போட்டு முடித்துவிட்டு, அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தாள். வாயு என்றாள். நாங்களும் வாயு என்றோம். என் அண்ணன் சோடா வாங்க ஓடினான். அவன் திரும்பி வந்தபோது சோடா குடிக்க ஆள் இல்லை. அம்மாவுக்கு அப்போது இருந்த வயதை நான் தொட இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது.

3

டாக்டர் என்னை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். எனக்கு இங்கிலீஷ் வரும். வேகமாகப் பேசினால் பாதி போய்விடும். அதனால் போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, மேசை நடுவில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். முகம் தெரியாத ஆண்பிள்ளை காதில் விழ என் இடுப்பை அளந்தாள்.

பெரியவர் அதைத் தமிழில் சொன்னார். "அம்மா, உங்கட வயித்துச் சுற்றளவு இருக்க வேண்டியதை விடக் கூடவாம்."

"தெரியுது சார்."

"என்னோட கோவிக்காதேங்கோ. அவ சொல்லுறதைத்தான் நான் சொல்லுறன்."

காலையில் என்ன சாப்பாடு, மத்தியானம் என்ன, ராத்திரி என்ன என்று அவள் கேட்டாள். நான் சொன்னேன். இட்லி, பாதி சோறு, இரண்டு பங்கு காய், மீன் குழம்பு, சுண்டல். "இடையில ஏதும் கடிக்கிறனீங்களோ?" என்றார் பெரியவர். ஒன்றும் இல்லை என்றேன். அந்தப் பெண் என் ரத்தக் காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். பெரியவர் குரலை இறக்கினார். "இவ்வளவுதான் சாப்பாடு எண்டால் ரத்தம் இப்பிடி வராதாம். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா."

"நான் பொய் சொல்றேன்னு சொல்றாளா?"

"அப்பிடி அவ சொல்லேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவருக்குச் சமைத்த அதே சட்டியில்தானே நானும் சாப்பிடுகிறேன், மெஷின்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் கத்தினேன். ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். அப்போதும் இப்படியே இருந்தால் இதய டாக்டரிடம் அனுப்புவதாகச் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதை எல்லாம் சொன்னேன். பிறகு எங்கிருந்து வருகிறது இந்தக் கொழுப்பு என்று நிஜமாகவே தெரியவில்லை. பயமாகவும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் 2003 பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன்.

4

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் உள்ளே தள்ளி இருக்கிறது என் மாமியார் வீடு. மாமனாரும் மாமியாரும் இல்லை. என் கொழுந்தன் முனுசாமியும் அவன் மனைவி மல்லிகாவும் இருக்கிறார்கள். முனுசாமி வேன் ஓட்டுகிறான். மகாபலிபுரத்துக்கு வருகிற டூரிஸ்டுகளை ஏற்றி இறக்குவான்.

வாசலில் இறங்கியதும் முனுசாமி தன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தான். "இன்னா அண்ணி, அண்ணாத்தய இப்பிடி காயப் போட்டு கூட்டியாந்துகீற? அங்க அரிசி கெடைக்கலயா?"

"கெடைக்குது. நீ வந்து ஆக்கிப் போடு."

தெருவில் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். புருஷன் இளைத்தால் பெண்டாட்டி சோறு போடவில்லை. பெண்டாட்டி பெருத்தால் புருஷன் நன்றாக வைத்திருக்கிறான். ஒரு வருஷம் ஸ்பூன் ஸ்பூனாக அளந்து அவரைக் காப்பாற்றியதற்கு எனக்குக் கிடைத்த பேர் இது.

காலையில் ஷூ போட்டுக்கொண்டு நடந்தோம். ஏழுமலை நடந்தால், வெளிநாட்டுக்காரர் வாக்கிங் போகிறார். நான் நடந்தால் பைக் பக்கத்தில் வந்து நிற்கும். "இன்னா அண்ணி, பஸ்ஸ வுட்டுட்டீங்களா? குந்துங்க, செங்கல்பட்ல வுட்டுர்றேன்." இல்லை, சும்மா நடக்கிறேன் என்றால் நம்ப மாட்டான். பால்காரர் மல்லிகாவிடம், "வூட்ல எதனா பேஜாரா? பெரியம்மா தனியா நடந்துகினு போவுது" என்று விசாரித்திருக்கிறார். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் புடவையும் ஷூவுமாக நூறு பெண்கள் நடக்கிறார்கள், ஒருத்தரும் நிறுத்திக் கேட்பதில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு பெண் ரோட்டில் நடந்தால் பஸ் போயிருக்க வேண்டும், இல்லை சண்டை நடந்திருக்க வேண்டும். நான் பதில் சொல்வதை நிறுத்தினேன். கையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தேன்.

5

பொங்கலன்று வீடு நிறைய ஆள். முதலில் ஆம்பளைகள் சாப்பிட்டார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு மிச்சம் இருந்ததோடு நானும் மல்லிகாவும் அடுப்படியில்.

மல்லிகாவுக்குப் பரிமாறுகிற ஆசை அதிகம். வேண்டாம் என்று கையை நீட்டினால் கைமேலேயே வைப்பாள். அதனால் எல்லாத் தட்டும் பாதியோடு திரும்பி வரும். என் மகன் கார்த்திக் சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் தின்றுவிட்டு, இனிப்பு அதிகம் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எழுந்து போனான். ஏழுமலை நல்ல பிள்ளையாக வடையையும் முந்திரியையும் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். டாக்டர் சொன்னதை மறக்கவில்லை என்று எனக்குக் காட்டுகிறாராம்.

மல்லிகா தட்டுகளைத் தேய்க்க எடுத்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எதுவும் சேர மாட்டேங்குதுக்கா. பாரு, ஒடம்பு எப்பிடி வருது. நான் ஒண்ணுமே துன்றதில்ல. தண்ணி குடிச்சாகூட வைக்குது."

அதைச் சொல்லும்போது அவள் வாய் நிறைந்திருந்தது. ஏழுமலை ஒதுக்கிய வடை.

"வாயில இன்னாடி?"

"இதுவா? இது சும்மா. தட்ல இருந்திச்சு."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். சாப்பாடு நான் இன்னும் சாப்புடவே இல்ல. இனிமேதான் குந்தணும்." அடுத்த தட்டில் இருந்த பொங்கலை வழித்து என் பக்கம் நீட்டினாள். "கார்த்திக் வச்சது. நெய்யா கீது, வீணாப் போவுது. இந்தா, போட்டுக்கோ."

என் கை நீண்டுவிட்டது. வாய்கூடத் திறந்துவிட்டது. அந்த இடத்தில் நின்றேன். மெல்போர்னில் அந்தப் பெண் இடையில் என்ன தின்கிறாய் என்று கேட்டாள், நான் ஒன்றுமில்லை என்று சொன்னேன். நான் இதைச் சாப்பாடாக நினைத்ததே இல்லை. பிள்ளைகள் விட்ட பீட்சா ஓரம், ஆறிப்போன சிப்ஸ், பாதி கடித்த கேக், ஏழுமலை வேண்டாமென்று ஒதுக்கிய பழைய சமையல், மூடி வைத்தால் கெட்டுவிடும் என்று வழித்த பாயசம். ஒன்றையும் உட்கார்ந்து தின்னவில்லை. ஒன்றுக்கும் தட்டு போடவில்லை. எல்லாம் நின்றுகொண்டு, சிங்க் பக்கத்தில். அவருக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல் என்று ஆனதும் மிச்சமும் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அவர் வயிற்றில் கழித்ததை எல்லாம் என் வயிற்றில் கூட்டியிருக்கிறேன்.

"இத்த தூக்கிப் போடுடி" என்றேன்.

"எங்க போட்றது? முன்ன மாடு இருந்திச்சு, கழுநீர்த் தொட்டில போட்டா துன்னுடும். இப்ப மாடா கீது?"

நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டுப் பின்பக்கம் இரண்டு மாடுகள் இருந்தன. கல்லில் செய்த தொட்டி இருந்தது. அரிசி கழுவின தண்ணீர், வடித்த கஞ்சி, தட்டில் விழுந்த மிச்சம், எல்லாம் அதில் போகும். நிலத்தை பிளாட் போட்டு விற்றதும் மேய இடமில்லை, மாடுகளையும் விற்றார்கள். தொட்டியை உடைத்துவிட்டு சிமெண்ட் போட்டார்கள். அங்கே இப்போது முனுசாமியின் பைக் நிற்கிறது. தொட்டி எங்கேயும் போகவில்லை. அடுப்படிக்குள் வந்துவிட்டது. மல்லிகா ஒரு தொட்டி, நான் ஒரு தொட்டி.

"மாட்ட வித்துட்டு அந்த எடத்துல நம்பள நிக்க வச்சிகீறாங்கடி" என்றேன்.

மல்லிகாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே, "மாட்டயாவது காலைல அவுத்துவுட்டு நடக்க வுட்டாங்கக்கா" என்றாள்.

6

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எல்லோருமாக சதுரங்கப்பட்டினத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போனோம். முனுசாமி வேனில் கூட்டிப் போனான். சாயங்காலம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, அங்கே இருக்கிற பழைய டச்சுக் கோட்டைப் பக்கமாகக் கடற்கரைக்குப் போனோம். நான் மணலில் வேகமாக நடந்தேன். மல்லிகா கூட வந்தாள். கொஞ்ச தூரம்தான் வந்திருப்பாள், உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கை. நெற்றியில் வேர்வை.

"ஒண்ணுமில்லக்கா. வாயு. அடிக்கடி வரும், போய்டும்."

பின்னால் வந்த முனுசாமி, "சோடா வாங்கியாரட்டா?" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "சோடா வேணாம். வண்டிய எடு, செங்கல்பட்டு போவணும்."

"வாயுக்கு எதுக்கு அண்ணி செங்கல்பட்டு? பண்டிக நேரம், டாக்டரு எவன் கீறான்? நாளைக்கு எனக்கு மகாபலிபுரம் சவாரி வேற கீது."

"எங்கம்மாவுக்கும் இதே ஊர்ல இதே வாயுதான் வந்திச்சு. காரியம் பண்ணி முடிச்சோம். சோடா வாங்கப் போனவன் தோ நிக்கிறான், கேளு அவன."

என் அண்ணன் முனுசாமியின் தோளைப் பிடித்து வேன் பக்கம் திருப்பிவிட்டான்.

போகிற வழியெல்லாம் மல்லிகா புலம்பினாள். நாலு பேர் முன்னால் அவமானம் என்றாள், இப்போது சரியாகிவிட்டது, வண்டியைத் திருப்பு என்றாள். நான் அவள் கையை விடவில்லை. ஒரு தனியார் மருத்துவமனையில் டாக்டர் இருந்தார். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இதயத்துக்குச் சேதம் இல்லை, ஆனால் இது வாயுவும் இல்லை என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் அதிகம். ரத்தக் கொழுப்பு என்னுடையதற்குத் தங்கச்சி மாதிரி இருந்தது. மாத்திரை எழுதினார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மல்லிகா வழக்கம்போல, "ஒண்ணுமே துன்றதில்ல டாக்டர்" என்றாள். நான் உண்மையைச் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். முனுசாமி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வேனை மாட்டு வண்டி மாதிரி மெதுவாக ஓட்டினான்.

7

இனி, பவுடர் கேட்டவர்களுக்கு.

தொப்பைக்கு என்று தனியாக ஒரு வழியும் இல்லை. படுத்து எழுந்து ஆயிரம் தடவை வயிற்றை மடக்கினாலும் வயிறு கெட்டிப்படும், மேலே இருக்கிற கொழுப்பு அப்படியே இருக்கும். பெல்ட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். மொத்த உடம்பும் இறங்கினால்தான் வயிறும் இறங்கும். அதற்கு நடக்க வேண்டும். பேசினால் மூச்சு வாங்குகிற வேகத்தில், தினமும். மெல்போர்னில் நான் வேலை முடிந்ததும் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறேன். மழை பெய்தால் கோட் போட்டு நடக்கிறேன். மல்லிகா ஏரிக்கரையில் நடக்கிறாள். ஆரம்பத்தில் பைக்குகள் நின்றன. இப்போது அவளோடு தெருவில் இன்னும் இரண்டு பேர் நடக்கிறார்களாம். மூன்று பேர் நடந்தால் ஒருவனும் பஸ் போய்விட்டதா என்று கேட்பதில்லை.

சாப்பாட்டில் என்ன சேர்க்க வேண்டும், என்ன கழிக்க வேண்டும் என்பது இப்போது எல்லா வாரப் பத்திரிகையிலும் வருகிறது. நெய், வனஸ்பதி, பொரித்தது குறை. கீரை, காய், பயறு, மீன் சேர். அதையே தின்று நான் குண்டானேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்ததை மட்டும் கணக்குப் பார்த்துப் பிரயோஜனமில்லை. வாய்க்குள் போனதைப் பார்க்க வேண்டும். நான் இப்போது தட்டில் போட்டு உட்கார்ந்து தின்கிறேன். தட்டில் வராதது என் வாய்க்கு வராது. எனக்குப் பசிக்கும்போது சாப்பிடுகிறேன். எல்லோரும் முடிக்கட்டும் என்று காத்திருந்து, பசியில் அடுப்படியில் கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போடுவதில்லை. குறைவாக ஆக்குகிறேன். மிச்சம் ஆனால் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறேன், தட்டில் எச்சில் பண்ணியதை அவரவரே குப்பையில் போட வேண்டும். சோற்றைக் குப்பையில் போடுவது பாவம் என்று மல்லிகா முதலில் சண்டை போட்டாள். வயிற்றில் போட்டால் மட்டும் புண்ணியமா என்றேன்.

சிலர் சொல்வார்கள், அந்தக் காலத்தில் கேழ்வரகும் பழைய சோறும் தின்று நூறு வயது இருந்தார்கள் என்று. எங்கள் தெருவில் யாரும் இருக்கவில்லை. வேறு கிடைக்காததால் அதைத் தின்றார்கள், நாள் முழுக்க வெயிலில் வேலை செய்தார்கள். நீங்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு கேழ்வரகு அடையில் நெய் ஊற்றித் தின்றால் அது உங்கள் தாத்தாவின் சாப்பாடு இல்லை.

ஊரிலிருந்து திரும்பியபின் எடுத்த ரத்தம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்தது இன்னும் இறங்கியது. ஒரு சின்ன மாத்திரையும் கொடுத்தார்கள், வெட்கப்படாமல் விழுங்குகிறேன். உணவு ஆலோசகரிடம் மறுபடி போனபோது மிச்சம் தின்ற கதையைச் சொன்னேன். போனில் அதே பெரியவர். மொழிபெயர்க்க வேண்டியவர் பாதியில் நிறுத்திவிட்டார். "அம்மா, எங்கட வீட்டிலயும் இதேதான். என்ர மனுசிக்கு இண்டைக்குச் சொல்லுறன்" என்றார். அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று மூன்று தடவை கேட்டாள். அதற்குப் பிறகுதான் என் கதை அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

அம்மா போன வயதைப் போன மாதம் தாண்டினேன். நித்யாவின் பட்டமளிப்பு அதற்குப் பிறகு. நீங்கள் பார்த்துப் பயந்த போட்டோ அதுதான்.

8

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் அரைகுறையாகிவிடும்.

மிச்சத்தை நிறுத்தியது எனக்குச் சுலபமாக இல்லை. சோறு வீணாகிறதே என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் பிள்ளைகள். இங்கே வந்தபோது கார்த்திக்குக்கு ஏழு வயது. உருண்டை பிடித்துக் கையில் வைப்பேன். ஒன்பது பத்து வயதில் கையில் வாங்குவதை நிறுத்தினான். பிறகு என் சமையலை நிறுத்தினான். பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறந்தால் நாறுகிறது என்கிறார்களாம். அப்புறம் தமிழை நிறுத்தினான். நான் கேட்பது ஒரு மொழி, அவன் பதில் சொல்வது ஒரு மொழி. வாங்கி வந்ததைத் தன் அறையில் உட்கார்ந்து தின்பான். அவன் விட்ட பீட்சா ஓரத்தை நான் தின்றபோது, அவன் தட்டில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அவனோடு சேர்ந்து சாப்பிட எனக்கு இருந்த ஒரே வழி அதுதான். அதையும் விட்டபிறகு சில நாள் சிங்க் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெறும் எச்சில் தட்டுக்காக அழுகை வந்தது. யாரிடம் சொல்ல முடியும் இதை.

அழுதாலும் விட்டது விட்டதுதான்.

போன வெள்ளிக்கிழமை கார்த்திக் பீட்சா வாங்கி வந்தான். பெட்டியை மேசைமேல் வைத்தான். நான் ஏற்கெனவே என் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சோறு கொஞ்சம், அவரைக்காய்ப் பொரியல், கொள்ளுச் சுண்டல், மீன் குழம்பு. சூடாக இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவனும் ஏனோ அறைக்குப் போகாமல் எதிரே உட்கார்ந்தான். தின்றான். ஓரங்களைப் பெட்டியில் போட்டான். பழக்கத்தில் பெட்டியை என் பக்கம் தள்ளினான்.

"எனக்கு வேணாம். குப்பைல போடு."

தோளைக் குலுக்கினான். எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்தான். திரும்ப உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது என்ன, பிரவுனா?"

தமிழில் கேட்டான். நான் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "கொள்ளு" என்றேன்.

கையை நீட்டி ஒரு பிடி எடுத்தான். மென்றான். "உப்பே இல்ல" என்றான்.

"கம்மியாதான் இருக்கும். வேணும்னா உனக்குத் தட்டு எடுத்துனு வா. என் தட்டுல எனக்குத்தான் இருக்குது."

போய்த் தட்டு எடுத்து வந்தான்.